யார் பெயரில் டிக்கெட், யாருக்கு நாற்காலி

சென்னையில் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மாம்பலத்தில் ஏறிக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு அது மின்சார ரயிலின் மாதப் பயணச்சீட்டு. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் டிசம்பர் பிறந்துவிட்டால் அது கச்சேரிக் காலம். இரண்டுக்கும் சீசன் டிக்கெட் என்றே பெயர். புழங்கும் விதம்தான் வேறு. ரயில் சீசன் ஒருவருக்கு மட்டும் உரியது. வேறொருவர் அதை வைத்துக்கொண்டு ஏறினால் பரிசோதகர் அபராதம் போடுவார். சபா சீசன் டிக்கெட் வீட்டுக்குள் கைமாறும். கணவர் பெயரில் வாங்கியதை மனைவி கொண்டுபோவார். ஒரு நாள் நாத்தனார், இன்னொரு நாள் எதிர்வீட்டு மாமி. வாசலில் நிற்பவர் நாற்காலி எண்ணைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்தக் கைமாற்றத்தை வரலாற்றுச் சான்றாகப் படிக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. கர்நாடக இசையின் சென்னை வரலாறு நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. வித்துவான்கள், புரவலர்கள், சபாச் செயலாளர்கள், விருதுகள் என்று அது மேடையைப் பார்த்தபடி எழுதப்பட்ட வரலாறு. எதிரே நாற்காலியில் இருந்தவர்களுக்கு அதில் ‘ரசிகர்கள்’ என்று ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் பெண்கள் எப்போது நுழைந்தார்கள், எந்த நிபந்தனையோடு நுழைந்தார்கள், யாரை வெளியே விட்டுவிட்டு நுழைந்தார்கள் என்பதை ஒரு டிக்கெட்டைப் பின்தொடர்ந்து போனால் ஓரளவு காண முடிகிறது.

சீட்டு வருவதற்கு முன்

கச்சேரிக்குக் காசு கொடுத்து நுழைவது என்ற வழக்கம் பழையதன்று. அரண்மனை, கோயில், கல்யாண வீடு, செல்வந்தர் மாளிகை ஆகியவை பாட்டுக்குரிய இடங்களாக இருந்தவரை கேட்பவர் அழைக்கப்பட்டவராகவோ ஊர்க்காரராகவோ இருந்தார். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைப் பற்றி இசை எழுத்தாளர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதுகிறார்கள். அந்த வீட்டுக்கு யார் வரலாம், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வாசித்த பெண்ணே தீர்மானித்தார். தேவதாசி மரபில் வந்த ஒரு கலைஞருக்குத் தன் கேட்பவர்கள் மீது இருந்த அதிகாரம் அது. சபா வந்த பிறகு அந்த அதிகாரம் செயற்குழுவின் கைக்குப் போனது. செயற்குழுவில் ஆண்கள் இருந்தார்கள்.

நூறாண்டைக் கடந்த திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா போன்ற அமைப்புகள், புரவலர் ஒருவரின் இடத்தில் சந்தா கட்டும் நூறு பேரைக் கொண்டுவந்தன. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் நடந்தபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி.பி. ராமசாமி ஐயர் தொடங்கிவைத்ததுதான் மியூசிக் அகாடமி. அதன் ஆண்டு மாநாடு டிசம்பரில் நிலைபெற, மற்ற சபாக்களும் அந்த மாதத்தைச் சுற்றிக் கூடின. பந்தல்களிலும் இரவல் அரங்குகளிலும் நடந்துவந்த அகாடமி விழாவுக்குச் சொந்த அரங்கம் 1962இல்தான் திறக்கப்பட்டது.

டிக்கெட் கொள்கையளவில் சாதி கேட்பதில்லை, குலம் கேட்பதில்லை, காசு கேட்கிறது. தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைக்கு அறிமுகம் வேண்டும். சபாவுக்கு ரூபாய் போதும். இப்படிப் பார்த்தால் டிக்கெட் ஒரு திறப்புதான். சீசன் டிக்கெட் அந்தத் திறப்பைப் பாதி மூடியது. பெரிய சபாக்களில் சென்ற ஆண்டு வைத்திருந்தவருக்கே இந்த ஆண்டும் முதல் உரிமை என்பது வழக்கமாக, நாற்காலிகள் குடும்பச் சொத்தைப்போல நடக்கத் தொடங்கின.

மேடையைச் சுத்தம் செய்தல்

குடும்பப் பெண்கள் நாற்காலிக்கு வந்த கதையை மேடையிலிருந்து சில பெண்கள் அகற்றப்பட்ட கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

1931இல் மியூசிக் அகாடமி கல்யாணியின் புதல்வியரான ராஜலட்சுமி, ஜீவரத்தினம் ஆகியோரின் நடனத்தை ஏற்பாடு செய்தது. இ. கிருஷ்ண ஐயர் அதற்குப் பின்னிருந்தார். அடுத்த ஆண்டே அவருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் பத்திரிகைகளில் கடும் விவாதம் நடந்தது. முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். தேவதாசி முறை பெண்களை என்ன செய்தது என்பதை முத்துலட்சுமி வீட்டுக்குள்ளிருந்தே அறிந்திருந்தார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அப்படியே; 1936இல் வெளிவந்த அவருடைய ‘தாசிகள் மோசவலை’ நாவல் அந்த அறிவிலிருந்து பிறந்தது. எதிர்ப்பக்கத்தில் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள், தங்கள் கலையையும் சொத்துரிமையையும் சேர்த்துப் பறிக்காதீர்கள் என்று அரசுக்கு மனு எழுதினார்கள். இரு தரப்பிலும் பெண்கள் இருந்த இந்த விவாதத்தை நன்மை, தீமை என்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிட முடியாது. 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி தடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி ஆடியிருந்தார். ‘நல்ல குடும்பத்துப் பெண்’ ஆடலாம் என்றானதும், நல்ல குடும்பத்துப் பெண் அமர்ந்து பார்க்கலாம் என்பதும் கூடவே வந்தது.

பாட்டிலும் இதே நகர்வுதான். 1930களில் பிராமணப் பெண்ணான டி.கே. பட்டம்மாள் பொது மேடையில் பாட வந்தது பெரிய செய்தி. கேட்கவந்த பெண்களுக்கு அது ஒரு சான்றிதழ்போல இருந்திருக்க வேண்டும். பாடுகிறவளே நம்மைப்போன்றவள் என்றால், கேட்கப் போவதில் என்ன தவறு? அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, 1968இல் வழங்கப்பட்டது. அகாடமிக்கு அப்போது நாற்பது வயது. 1970இல் பட்டம்மாள், 1973இல் தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, 1976இல் இன்னொரு பேத்தி பிருந்தா. மேடையை உருவாக்கிய குலத்துப் பெண்களுக்கு அந்த மேடையின் உச்ச மரியாதை கிடைக்க, அவர்களுள் பெரும்பாலோர் மேடையைவிட்டு மறையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாம் அமர்ந்திருக்கும் நாற்காலிக்கு இந்த விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட்டில் அச்சிடப்படாத விலை.

பங்கு பிரித்த டிசம்பர்

நாடு விடுதலை பெற்றதையடுத்து வந்த இருபது முப்பது ஆண்டுகள் சபாக்களின் நல்ல காலம். 1920களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் எழுந்த தியாகராய நகருக்கு, நடிகர் சித்தூர் நாகையாவின் முயற்சியால் வாணி மஹால் வந்தது. 1950களில் கிருஷ்ண கான சபா வந்தது. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபாவோடு பைன் ஆர்ட்ஸ் கிளப்பும் சேர்ந்தது. உறுப்பினர் சந்தாவுக்கு மாதம் இரண்டு மூன்று நிகழ்ச்சிகள், அவற்றில் ஒன்று நாடகம் என்பது பொதுவான கணக்கு. ஒய்.ஜி. பார்த்தசாரதி, சோ, கே. பாலசந்தர் ஆகியோரின் நாடகங்கள் இந்தச் சந்தாக்காரர்களை நம்பி எழுந்தவை. அங்கே வாய்விட்டுச் சிரித்தவர்களில் பாதிப் பேர் புடவை கட்டியவர்கள். சந்தா ரசீதில் மட்டும் பெரும்பாலும் ‘திரு’ என்றிருந்தது.

சில ஆண்டுகளாக மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறுப் பகுதிகளில் எழுபது எண்பது வயதைக் கடந்த பெண்களிடம் அவர்களது டிசம்பர்களைப் பற்றிப் பேசிவருகிறேன். என்ன ராகம் கேட்டீர்கள் என்று தொடங்கினால் எல்லாரும் பேசுகிறார்கள். எப்படிப் போனீர்கள் என்று கேட்டால்தான் வரலாறு வருகிறது.

பொதுவாக வீட்டுக்கு ஒரு சீசன் டிக்கெட், அல்லது இரண்டு. இரண்டு என்றால் ஒன்றில் கணவர் நிரந்தரம். மற்றொன்றுதான் சுற்றும். மாமியார், மூத்த மருமகள், இளைய மருமகள், பிறந்தகத்துக்கு வந்திருக்கும் பெண் என்று நான்கு பேருக்கு ஒரு நாற்காலி. யாருக்கு எந்த நாள் என்பதைக் கச்சேரிப் பட்டியல் மட்டும் முடிவுசெய்யவில்லை. மார்கழி பெண்களுக்கு வேலை கூடுகிற மாதம். விடியும் முன் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். திருப்பாவை, பொங்கல், வைகுண்ட ஏகாதசி, திருவாதிரைக் களி என்று அடுப்பும் பூஜையும் ஓயாது. குழந்தைக்குச் சளி, மாமனாருக்கு மருந்து, விருந்தாளிகள். இவற்றுக்கு நடுவே எந்த மாலையில் யாரை வீடு விடும் என்று பார்த்துத்தான் பங்கு பிரித்தார்கள்.

அதைவிட நுட்பமான ஒரு கணக்கும் இருந்தது. மயிலாப்பூரின் பழைய தெரு ஒன்றில் வசிக்கும் எண்பது வயதுப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பெரியவ தூரமானா டிக்கெட் எனக்கு, நான் தூரமானா பெரியவளுக்கு.” மூன்று நாள் ஒதுங்கி உட்கார வேண்டிய வீட்டில் கச்சேரிக்குப் போவது எப்படி? ஆகவே ஒருத்தியின் விலக்கு இன்னொருத்தியின் கச்சேரியானது. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓரகத்திகளுக்குள் நடந்த சமத்காரமாகச் சொன்னார். மார்கழி முழுக்கத் தன் கணவருக்கு எந்த நாளும் இப்படிக் கைநழுவியதில்லை என்று சொன்னபோதும் அதே சிரிப்புத்தான்.

அரைக் கச்சேரி என்று ஒன்றும் உண்டு. தியாகராய நகரில் இருந்த சகோதரிகள் இருவரில் மூத்தவர் வர்ணத்திலிருந்து கேட்டுவிட்டு நடுவில் எழுந்து வருவார்; இளையவர் வீட்டில் சமையலை முடித்துவிட்டு அரங்க வாசலில் அதே டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். மூத்தவர் பல்லாண்டுகளாக மங்களம் கேட்டதில்லை, இளையவர் வர்ணம் கேட்டதில்லை. இருவரும் வீட்டில் ஒருவருக்கொருவர் பாடிக்காட்டி நிரப்பிக்கொண்டார்கள். கேட்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தவர்களும் இருக்கிறார்கள்: தேதி, பாடியவர், ராகம், தாளம். எழுதியவரின் பெயர் மட்டும் அந்த நோட்டில் இருக்காது.

இந்தப் பகிர்தலைப் பெண்களின் தோழமை என்று கொண்டாடலாம். தோழமை அதில் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் பற்றாக்குறையிலிருந்து பிறந்த தோழமை அது. நால்வருக்கு ஒரு நாற்காலி என்றதால்தான் பங்கிட்டார்கள். 1938இல் சென்னை வானொலி நிலையம் வந்தபின் கச்சேரி வீட்டுக்கே வந்துவிட்டதே, பிறகும் ஏன் அந்த ஒரு நாற்காலிக்கு இத்தனை ஏற்பாடு? வானொலியை அடுப்படியிலிருந்து கேட்கலாம். கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கலாம். அரங்கில் மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடமாட்டார்கள். அவர்களுக்கு டிக்கெட் என்பது அந்த மூன்று மணி நேர விடுப்பு.

வாசலில் நிற்பவர்கள்

உலகின் பிற இடங்களில் சீசன் டிக்கெட் என்றதும் நினைவுக்கு வருவது காற்பந்து. அங்கேயும் பெண்களின் கதை வாசலிலிருந்துதான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பிரஸ்டன் நார்த் எண்ட் கழகம் 1885இல் பெண்களுக்கு இலவச அனுமதி என்று அறிவித்ததும் சுமார் 2,000 பெண்கள் வந்துவிட்டதாகக் குறிப்பிடுகிறார்கள். ஆண்களின் துணையாக நாலைந்து பேர் வருவார்கள் என்ற எண்ணத்தில் தரப்பட்ட சலுகை அது. 1880களின் இறுதிக்குள் கழகங்கள் அதைக் கைவிட்டன. ஈரானில் ஆண்கள் ஆடும் காற்பந்தை அரங்கில் பார்க்கப் பெண்களுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தடை இருந்தது. ஆண் வேடத்தில் நுழைய முயன்று பிடிபட்ட சஹர் கொதாயாரி, சிறைத் தண்டனை வருமென்று அஞ்சித் தீக்குளித்து 2019 செப்டம்பரில் இறந்தார். அடுத்த மாதம் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு ஏறத்தாழ 3,500 பெண்கள் டிக்கெட் வாங்கி உள்ளே சென்றார்கள்.

சென்னைச் சபாக்களில் அத்தகைய தடைச் சட்டம் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் வீடு வாசற்காவலராக இருந்தது. போய்வரும் நேரம், துணை, புடவை, யார் பாட்டு என்பதெல்லாம் வீட்டில் பரிசோதிக்கப்பட்ட பிறகுதான் சபா வாசல். கணவர் இறந்த பின் ஓராண்டு எந்தக் கச்சேரியும் இல்லை. அந்த இடைவெளியில் டிக்கெட் மகன் பெயருக்குப் போய்விடும். துக்கம் முடிந்து திரும்பும் பெண் அதே நாற்காலியில் மகனின் விருந்தாளியாக அமர்வார்.

நாற்காலி குடும்பச் சொத்துபோல நடந்தது என்றேன். அப்படியானால் மகள்? பாட்டுக் கற்றவள் பெரும்பாலும் மகள்தான்; அவள் அடையாற்றுக்கோ அம்பத்தூருக்கோ வாழ்க்கைப்பட்டுப் போனதும் நாற்காலி மகனோடு தங்கியது. 1989இல் தமிழ்நாடு அரசு கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தபோது, அதற்குமுன் மணமாகிவிட்ட மகள்களுக்கு அது பொருந்தாது என்று விதித்தது. 2005இல் மத்தியச் சட்டம் வந்துதான் அந்தக் கோடு அழிந்தது. கச்சேரி நாற்காலிக்கு எந்தச் சட்டமும் வரவில்லை. மணமாகிப் போன மகள் பல சபாக்களில் டிக்கெட் வேண்டாத பகல் கச்சேரிகளுக்குப் போனாள். மதியம் சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் முன்னர் கிடைக்கும் இடைவெளி அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. அந்த நேரம் இளம் கலைஞர்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதால், இன்றைய பெரிய பாடகிகள் பலரை முதலில் கேட்டவர்கள் இந்த டிக்கெட் இல்லாத பெண்களாகவே இருப்பார்கள்.

ஐந்தாமவள்

ஒரு நாற்காலியை நால்வர் பகிர்ந்த வீட்டில் பெரும்பாலும் ஐந்தாவதாக ஒரு பெண்ணும் இருந்தாள். பாத்திரம் தேய்த்தவள், குழந்தையைப் பார்த்துக்கொண்டவள், அம்மா கச்சேரியிலிருந்து திரும்ப நேரமானால் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவள். நான் பேசிய பெண்களில் பலர் அவளை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். அவளுக்கு ஒரு நாள் டிக்கெட் போனதா என்ற கேள்விக்கு மட்டும் அவர்கள் முகத்தில் வியப்பு தெரிந்தது. அது அவளுடைய பாட்டு இல்லையே என்றார் ஒருவர். எந்தப் பாட்டு யாருடையது என்பதை டிக்கெட் விலை மட்டும் தீர்மானிப்பதில்லை. சாதியும் காதில் ஒரு வேலி போடுகிறது. வேலிக்கு உள்ளே இருப்பவருக்கும்தான்.

2015ஐ ஒட்டி, பெசன்ட் நகர் கடற்கரையில் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்தில் டிக்கெட்டே இல்லாத ஒரு விழா தொடங்கியது. கர்நாடக இசையும் பறையும் கூத்தும் ஒரே மேடையில். டிசம்பர் சபாக்களில் பாடுவதில்லை என்று அக்காலத்தில் அறிவித்த டி.எம். கிருஷ்ணா அதன் முன்னணியில் இருந்தார். ஒரு விழாவால் சாதி கரைந்துவிடும் என்று அதை நடத்தியவர்களே சொல்லவில்லை. ஆனாலும் தன் வீட்டு வாசலிலேயே நாற்காலி போடப்பட்டபோது, குப்பத்துப் பெண் யாரிடமும் டிக்கெட் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. பகிர்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு முக்கியம். பகிரும்போது கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார்.

நாற்காலிக்குக் குரல் உண்டா

காற்பந்துக் கழகங்கள் சிலவற்றில் ரசிகர் வெறும் வாடிக்கையாளர் இல்லை. பார்சிலோனா கழகத்தின் உரிமையாளர்கள் அதன் உறுப்பினர்களே. தலைவரை அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் சீசன் டிக்கெட் அந்த உரிமையைத் தருவதில்லை. கேட்கலாம், கைதட்டலாம், கேன்டீன் தோசையைக் குறை சொல்லலாம்.

2018 அக்டோபரில் பாலியல் அத்துமீறல் பற்றிப் பெண்கள் பொதுவில் பேசத் தொடங்கியபின், மியூசிக் அகாடமி அவ்வாண்டு விழாவிலிருந்து ஏழு கலைஞர்களை நீக்கியது. அது கலைஞர்களும் மாணவிகளும் பேசியதால் நடந்தது. நாற்காலியில் இருந்த நாம் என்ன செய்தோம்? குரு சிஷ்ய உறவில் இதெல்லாம் நடக்கும் என்று இடைவேளையில் முணுமுணுத்தவர்கள் எத்தனை பேர்? அந்த மாணவிகள் பாடும் பகல் கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் அமர்ந்தவர்கள் எத்தனை பேர்? மூன்று மணி நேர விடுப்புக்காக முன் தலைமுறைப் பெண்கள் இத்தனை கணக்குப் போட்டுப் பெற்ற இடம் அது. அங்கே நாம் எதைக் கேட்டும் கேளாமலும் இருக்கிறோம் என்பது அவர்கள் விட்டுச்சென்ற கேள்வி.

என் மாணவிகளுக்கு இப்போது ஒரு வேலை தருகிறேன். வீட்டில் மூத்த பெண்ணிடம் கேட்க வேண்டும்: உங்கள் பெயரில், உங்கள் காசில், உங்களுக்காக வாங்கிய முதல் டிக்கெட் எது? கச்சேரியாக இருக்கலாம், டூரிங் டாக்கீஸ் தரை டிக்கெட்டாக இருக்கலாம், ரயில் சீசனாகவும் இருக்கலாம். வேலைக்குப் போன பெண்கள் ரயில் சீசனைச் சொல்கிறார்கள். பலரிடம் அது இன்னும் பழைய பர்ஸில் இருக்கிறது. கைமாற்ற முடியாத, தன் பெயர் மட்டும் எழுதிய சீட்டு. மற்றவர்கள் கொஞ்சம் யோசிக்கிறார்கள். நீண்ட நேரம் யோசித்தவர்களின் பதில்களை மாணவிகள் முழுமையாக எழுதிவர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், சொன்னவரின் பெயரோடு.